தோட்டா செல்வமாகுமா?

பாடுபட்டுத் தேடிய பணத்தைப் பாதுகாப்பாக எங்கே வைப்பது என்னும் கேள்வி, பணம் தோன்றிய நாள்தொட்டு மனிதனை வாட்டி வருகின்றது. நம் முன்னோர் காணியில் வைத்தனர், பொன்னில் வைத்தனர், பிள்ளைகளின் கல்வியில் வைத்தனர். உலகின் மிகப் பெரிய செல்வ நாடெனப் பேசப்படும் அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ, கடந்த இருபது ஆண்டுக் காலத்தில் புதியதொரு பேச்சு எழுந்துள்ளது. வங்கியையும் நம்ப வேண்டாம், பங்குச் சந்தையையும் நம்ப வேண்டாம், துப்பாக்கித் தோட்டாவை வாங்கி வீட்டில் அடுக்கி வையுங்கள், அது பொன்னைப்போல் விலையேறும் என்பதே அப்பேச்சு. இதனைக் கூறுவோர் ஆயுத வியாபாரிகள் மட்டுமல்லர். மாதச் சம்பளம் பெறும் சாதாரணக் குடும்பத்தினரும் இவ்வாறு கூறுகின்றனர். கூறியவாறு செய்தும் வருகின்றனர்.

அனுமதிப்பத்திரமின்றி ஒரு தோட்டாவை வைத்திருத்தலே குற்றமாகிய நம் நாட்டில், இவ்விடயத்தைப் பற்றி எழுதுவதால் யாது பயன் என்று வாசகர் சிலர் வினவக் கூடும். பயன் உண்டு. 2022-ஆம் ஆண்டில் ரூபாயின் மதிப்பு இரண்டு மாதங்களுக்குள் டொலருக்கு 200 என்ற நிலையிலிருந்து 360 வரை சரிந்ததை நாம் கண்டோம். அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டில் ஏறக்குறைய 70 வீதம் ஏறியதையும் கண்டோம். சேமலாப நிதியை நம்பிய எழுதுவினைஞரும், வங்கியில் வைப்பிட்ட ஆசிரியரும், நெல் விற்ற காசை வைத்திருந்த கமக்காரரும் ஒருங்கே வறியராயினர். பணத்தைப் பொருளாக மாற்றி வைத்தவனே பிழைத்தான் என்னும் எண்ணம் அன்று நம் மக்கள் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அவ்வெண்ணத்தை இறுதி எல்லைவரை கொண்டு சென்றால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்கத் தோட்டாச் சேமிப்பு ஒரு சான்றாகும்.

வாதியின் வழக்கு

எதிர்த்தரப்பின் வாதத்தை முழுமையாகக் கேட்ட பின்னரே தீர்ப்புக் கூறுதல் முறை. தோட்டாவைச் செல்வமெனக் கொள்வோர் கூறும் காரணங்கள் அற்பமானவையல்ல.

முதலாவது, தோட்டா கெடுவதில்லை. பித்தளைக் கூடு, ஈயக் குண்டு, புகையற்ற வெடிமருந்து, அதனைப் பற்ற வைக்கும் சிறு பொறி ஆகிய நான்கினால் ஆயது அது. ஈரமும் வெப்பமும் அணுகாது வைத்தால் பல பத்தாண்டுகள் பழுதின்றி இருக்கும். இரண்டாவது, அதனைப் பிரிக்கலாம். ஐம்பதாகவும் விற்கலாம், ஐயாயிரமாகவும் விற்கலாம். மூன்றாவது, அரசு நினைத்தவுடன் அதனை அச்சடிக்க இயலாது. நான்காவது, துப்பாக்கி கோடிக்கணக்கில் உள்ள நாட்டில் அதற்கான தேவை ஒருநாளும் அற்றுப் போகாது.

விலை வரலாறும் அவர்களுக்குச் சாட்சி சொல்வதுபோலத் தோன்றுகின்றது. சிறு வேட்டைக்கும் குறிபார்த்துப் பழகுவதற்கும் உதவும் '.22' தோட்டா, 2012-ஆம் ஆண்டுக்கு முன்னர் ஒன்று நாலைந்து சதத்துக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டில் 10 முதல் 15 சதம் கொடுத்தும் கடைகளில் அகப்படவில்லை. கைத்துப்பாக்கிக்குரிய 9 மி.மீ. தோட்டா 2019-இல் 20 சதத்துக்குட்பட்ட விலையில் விற்றது. 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்திலோ 70 சதத்தையும் கடந்தது. ஈராண்டுக்குள் மூன்றரை மடங்கு! எந்த வங்கி இவ்வட்டியைக் கொடுக்கும் என்று அவர்கள் கேட்கின்றனர்.

ஏன் ஏறியது?

விலை ஏறியது உண்மை. ஏன் ஏறியது என்பதே ஆராயத்தக்கது.

2008-ஆம் ஆண்டு நவெம்பரில் பராக் ஒபாமா ஜனாதிபதியாகத் தெரிவு செய்யப்பட்டார். துப்பாக்கிக்குத் தடை வரப்போகின்றது என்ற அச்சம் பரவியது, கடைகள் வெறுமையாயின. 2012 டிசெம்பரில் கனெக்ரிகட் மாநிலத்தின் நியூரவுண் என்னும் ஊரில், ஓர் ஆரம்ப பாடசாலையில் 20 குழந்தைகளும் ஆசிரியர் முதலிய 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். புதிய சட்டம் வரும் என்று நாடே எதிர்பார்த்தது. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை மேலும் விரிவாகச் சோதிக்கும் திருத்தம் 2013 ஏப்ரலில் செனற் சபையில் 54 வாக்குகள் பெற்றும், விதிப்படி வேண்டிய 60 கிட்டாமையால் தோற்றது. சட்டம் வரவில்லை, ஆனால் சட்டம் வரும் என்ற அச்சம் கடைகளைத் துடைத்துச் சென்றுவிட்டது. பின்னர் 2020-இல் கொரோனாத் தொற்றும், நகரங்களில் கலவரமும், தேர்தலும் ஒருசேர வந்தன. அவ்வாண்டில் சமஷ்டிப் புலனாய்வுத் துறை நடத்திய துப்பாக்கிப் பின்னணிச் சோதனைகள் 3 கோடி 97 இலட்சம். முந்திய ஆண்டில் அவை 2 கோடி 84 இலட்சமாகவே இருந்தன.

இந்த மூன்று ஏற்றங்களிலும் பித்தளை அரிதாகிவிடவில்லை, ஈயமும் அரிதாகிவிடவில்லை. அரிதானது மன அமைதியே. விலையை ஏற்றியது அச்சம். அச்சத்தின் பின்னால் வதந்தியும் வந்தது. உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் 160 கோடி தோட்டாக்களை வாங்கிச் சந்தையை வற்றச் செய்கின்றது என்று 2013-இல் பேசப்பட்டது. காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் ஆராய்ந்து, அத்திணைக்களத்தின் கொள்வனவு 2009 முதல் குறைந்தே வந்துள்ளது என 2014 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. மிசூரி மாநிலத்தின் ஹேர்க்குலேனியம் நகரில், தாதுவிலிருந்து ஈயம் உருக்கும் கடைசி ஆலை 2013 டிசெம்பரில் மூடப்பட்டபோது, தோட்டாவுக்கு ஈயம் கிடையாது போகும் என்றனர். தோட்டாவுக்கு வேண்டிய ஈயத்தின் பெரும் பகுதி பழைய மின்கலங்களை உருக்கிப் பெறப்படுவது என்பதை எவரும் கேட்டறிந்திலர். வதந்தியை நம்பி வாங்கியவர்களின் பெட்டிகளே உண்மையான தட்டுப்பாட்டை உண்டாக்கின. தட்டுப்பாடு வருமென்று அஞ்சிப் பதுக்கினர். பதுக்கியதனால் தட்டுப்பாடு வந்தது. வந்த தட்டுப்பாட்டைக் காட்டித் தாம் அஞ்சியது சரியே என்றனர்.

ஏறியது எங்கே நின்றது?

பெரும்போக அறுவடையில் நெல்லை வாங்கி அடைத்து, மழைக்காலத்தில் விற்பவனை நம் கமக்காரர் நன்கறிவர். அவன் கணக்குக்கு ஒரு நாட்காட்டி உண்டு. அறுவடை எப்போது, தட்டுப்பாடு எப்போது என்பது அவனுக்குத் தெரியும். அச்சத்துக்கு நாட்காட்டி இல்லை. அது எழுவதும் தெரியாது, அடங்குவதும் தெரியாது.

2016 நவெம்பரில் டொனால்ட் ட்ரம்ப் வென்றார். தடை வருமென்ற அச்சம் ஒரே இரவில் அகன்றது. வாங்குவோர் இல்லாது போயினர். 1816-இல் தோன்றியதெனப் பெருமை பேசும் றெமிங்டன் கம்பனி, 2018 மார்ச்சில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. 2020 யூலையில் மீண்டும் சென்றது. ஆர்கன்சோ மாநிலத்திலுள்ள அதன் தோட்டாத் தொழிற்சாலை, 8 கோடி 14 இலட்சம் டொலருக்கு வேறொரு கம்பனியின் கைக்கு மாறியது. அது விற்கப்பட்ட ஆண்டு எது? தோட்டா விலை வானளாவிய அதே 2020! தொழிலையே குலத்தொழிலாகக் கொண்ட கம்பனிக்கே காலத்தின் ஏற்றத்தாழ்வு பிடிபடவில்லையெனில், வீட்டு நிலவறையில் பெட்டி அடுக்கியவனுக்கு எவ்வாறு பிடிபடும்?

கணக்கைப் பார்ப்போம். 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருவன் 9 மி.மீ. தோட்டா ஆயிரத்தை 700 டொலர் கொடுத்து வாங்கினான் என்க. 2023-இல் அதே ஆயிரம் கடையில் 250 டொலர் அளவில் கிடைத்தது. முதலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. சரி, அவன் அறிவிலி; 2019-இலேயே 200 டொலருக்கு வாங்கிய அறிவாளியின் நிலை யாது? நான்காண்டில் 50 டொலர் இலாபம். அதாவது 25 வீதம். அதே நான்காண்டில் அமெரிக்காவின் பொது விலைவாசி 19 வீதம் ஏறிற்று. எஞ்சியது அற்பம். அந்த அற்பமும் கடை விலையைக்கொண்டு போட்ட கணக்கு. கடைக்காரன் 250 டொலருக்கு விற்கும் பொருளை, முன்பின் அறியாத ஒருவனிடமிருந்து அதே விலைக்கு எவன் வாங்குவான்? குறைத்தே கேட்பான். அந்த ஆயிரம் தோட்டாக்களின் நிறை ஏறக்குறைய 12 கிலோ. 250 டொலருக்குப் பெறத்தக்க தங்கமோ 2023-இல் 4 கிராம் அளவே, உள்ளங்கையில் அடங்கும்.

உச்ச விலையில் விற்றிருந்தால் இலாபமல்லவா என்று கேட்கலாம். விற்றவர் சிலர் உண்டு. ஆனால், விலை உச்சிக்குச் செல்லும் நாள் எது? நாடு மிகக் கூடுதலாக அஞ்சும் நாள். அன்று தோட்டா வைத்திருப்பவனும் அஞ்சுகின்றான். 'இனிமேல் கிடைக்குமோ கிடையாதோ' என்று எண்ணி அவன் கட்டிக் காக்கின்றான்; மேலும் வாங்குகின்றான். அச்சம் தணிந்து, இவ்வளவு ஏன் என்று அவனுக்குத் தோன்றும்போது சந்தையில் விலை இல்லை. விற்க வேண்டிய நாளில் விற்கும் மனம் வராமையே இம்முதலீட்டின் உட்பகை.

பணமே மதிப்பிழந்து போகும் காலத்தில் தோட்டாவே நாணயமாகும் என்னும் வாதம் இன்னும் விந்தையானது. சட்டமும் ஒழுங்கும் குலைந்த நாளில், அறிமுகமற்றவன் கையில் தோட்டாவைக் கொடுத்து அரிசி வாங்குவேன் என்பவன், அந்தத் தோட்டா மறுநாள் எப்பக்கம் திரும்பும் என்பதை எண்ணினானா? பண்டமாற்றும் ஒரு ஒப்பந்தமே. ஒப்பந்தத்தை நிறைவேற்றி வைக்க நீதிமன்றமும் பொலிசும் இல்லாத இடத்தில் வலியவன் சொன்னதே விலை. நம் நாட்டில் 2022-இல் அரசு கடன் செலுத்த இயலாது நின்றது; எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை நீண்டது. அன்றும் ரூபாய் தேய்ந்ததேயன்றி மறையவில்லை. சந்தையில் கத்தரிக்காயும் மீனும் ரூபாய்க்கே விற்கப்பட்டன.

சட்டத்தின் முன்னே

இனி, சட்டம் என்ன சொல்கின்றது என்று நோக்குவோம். 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தோட்டா விற்பனைக்கும் பதிவேட்டை வற்புறுத்திற்று. 1986-இல் வந்த சட்டம் பெரும்பாலும் அதனை நீக்கியது. இன்று தோட்டாவைத் தயாரிப்பவனுக்கும் இறக்குமதி செய்பவனுக்கும் சமஷ்டி உரிமம் வேண்டும். தயாரித்த தோட்டாவை விற்பவனுக்கு வேண்டியதில்லை. இந்த இடைவெளியே வீட்டு முதலீட்டாளனுக்கு வழி திறந்துவிட்டது. எனினும் கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவன் முதலியோருக்கு, அவர்கள் அத்தகையோர் என்று அறிந்தோ, அறிவதற்கு நியாயமான காரணமிருந்தோ விற்பது குற்றம். கடைக்காரனுக்குப் பழக்கமும் முறையும் உண்டு. பழைய பெட்டியை விற்க வந்த ஆசிரியருக்கோ எழுதுவினைஞருக்கோ வாங்குபவனை அறியும் வழி யாது?

மாநிலச் சட்டங்களோ இடத்துக்கு இடம் வேறு. காலத்துக்குக் காலம் வேறு. கலிபோர்ணியா வாக்காளர் 2016-இல் நிறைவேற்றிய சட்டத்தின் வழியாக, 2019 யூலை 1 முதல் ஒவ்வொரு தோட்டாக் கொள்வனவுக்கும் பின்னணிச் சோதனை கட்டாயமாயிற்று. 2024 ஜனவரியில் ஒரு சமஷ்டி நீதிபதி அது அரசியலமைப்புக்கு முரணென்று தீர்ப்பளித்தார். வழக்கு மேன்முறையீட்டுக்குச் சென்றது. அவ்வாண்டு யூலையில் அம்மாநிலம் தோட்டாவின் மீது 11 வீதப் புதிய வரியையும் விதித்தது. நியூயோர்க் மாநிலமும் 2023 செப்ரெம்பர் முதல் சோதனையைக் கட்டாயமாக்கியது. ஓர் ஆண்டு சட்டப்படி விற்கத்தக்க பொருள், அடுத்த ஆண்டு அதே தெருவில் விற்கத் தகாததாகும் நிலையில், அதனை முதலென்று கொள்வது எவ்வாறு?

இரண்டு வழக்குகளைச் சிந்திப்போம். 2012 யூலையில் கொலராடோ மாநிலத்தின் ஓரோறா நகரில், ஒரு திரையரங்கில் 12 பேர் கொல்லப்பட்டனர். கொலைஞன் ஆயிரக்கணக்கான தோட்டாக்களை இணையவழியே வாங்கியிருந்தான். மகளைப் பறிகொடுத்த பெற்றோர், தோட்டா விற்ற கம்பனிகள் மீது வழக்குத் தொடர்ந்தனர். ஆயுத வணிகத்துக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பளிக்கும் 2005-ஆம் ஆண்டுச் சமஷ்டிச் சட்டம் குறுக்கே நின்றது. வழக்குத் தள்ளப்பட்டதோடமையாது, எதிரிகளின் வழக்குச் செலவாக 2 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகையை அப்பெற்றோரே செலுத்த வேண்டுமென 2015-இல் கட்டளை பிறந்தது. மகளை இழந்தவர் கடனாளியுமாயினர். இது சட்டம், நீதியா என்பதை வாசகர் தம் மனச்சான்றிடம் கேட்டுக்கொள்க.

ஆனால் முதலீட்டாளன் இத்தீர்ப்பைக் கண்டு மகிழ இடமில்லை. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் கவசமளிப்பது, தோட்டா விற்பதைத் தன் முறையான தொழிலாகக் கொண்டவனுக்கே. வீட்டில் சேமித்து எப்போதாவது விற்பவன் அந்த வரைவிலக்கணத்துள் அடங்குவானா என்பது ஐயத்துக்குரியது. அடங்கானாயின், கம்பனிக்குக் கிடைத்த கவசம் அவனுக்குக் கிடையாது. அடங்குவேன் என்று வாதிப்பானாயின், வணிகனுக்குரிய வரியும் கடமையும் அவன் தலையில் ஏறும்.

மற்றையது லாஸ் வேகாஸ் வழக்கு. 2017 ஒக்ரோபர் 1-ஆம் நாள் நடந்த படுகொலையின் கொலைஞனுக்கு, அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர் தோட்டா விற்றிருந்தார். அவர் வேறு தொழிலில் இருந்துகொண்டு, பக்கத் தொழிலாக வீட்டிலிருந்தே தோட்டா விற்று வந்தவர். படுகொலையில் அவருக்குப் பங்குண்டென்று எவரும் குற்றஞ் சாட்டவில்லை. ஆயினும் விசாரணை அவர் வீட்டுக் கதவைத் தட்டியது. உரிமமின்றித் தோட்டாக்களை மீளத் தயாரித்து விற்ற குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டு, 2020-இல் 13 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பொன் விற்றவனை, வாங்கியவன் செய்த கொலைக்காக எவரும் தேடி வருவதில்லை. தோட்டாவின் கதை அதுவன்று.

இலாபமும் இழவும்

நாம் ஒன்றைத் தெளிவாகக் கூற விரும்புகின்றோம். தன் வயலைப் பன்றியிடமிருந்து காக்கவும், வேட்டைக்கும், விளையாட்டுக்கும் தோட்டா வாங்குபவனை நாம் குறை கூறவில்லை. அடுத்த ஆண்டுத் தேவைக்கு இவ்வாண்டே வாங்கி வைப்பது சிக்கனம். அமெரிக்க வேட்டைக்காரர் வாங்கும் ஒவ்வொரு தோட்டாவிலும் 11 வீதச் சமஷ்டி வரி அடங்கியுள்ளது; 1937-ஆம் ஆண்டின் சட்டப்படி அப்பணம் வனவிலங்குகளைப் பேணவே செலவாகின்றது. இது போற்றத்தக்க ஏற்பாடு. பயன்படுத்த வாங்குவது வேறு; பிறர் அச்சத்தில் விற்க வாங்குவது வேறு.

எல்லா முதலீட்டிலும் முதலிட்டவன் எதையோ எதிர்பார்த்து வாழ்கின்றான். தென்னை வைத்தவன் மழையை எதிர்பார்க்கின்றான். வீடு கட்டியவன் ஊர் வளர்வதை எதிர்பார்க்கின்றான். தோட்டா வைத்தவன் எதை எதிர்பார்க்க வேண்டும்? நியூரவுணில் 20 குழந்தைகள் மாண்ட வாரத்தில் எவனுடைய பெட்டியின் விலை ஏறிற்று? அவன் கொலைக்குக் காரணனல்லன். அக்குழந்தைகளுக்காக அவனும் கண்ணீர் விட்டிருக்கலாம். ஆயினும் அவன் இலாபக் கணக்கின் நாட்களும் நாட்டின் துக்க நாட்களும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. அயலவன் அமைதியாக உறங்கினால் தனக்கு நட்டம், அயலவன் அஞ்சி விழித்தால் தனக்கு இலாபம் என்னும் நிலையில் ஒரு குடிமகன் தன்னை வைத்துக்கொள்வது, பணக் கணக்குக்கு அப்பாற்பட்ட நட்டமாகும்.

2021-இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது, கையில் யூரியா மூடை வைத்திருந்த கமக்காரன் பாக்கியசாலியெனக் கருதப்பட்டான். அதனை அவன் விற்றானாயினும், வயலில் இட்டானாயினும், முடிவில் எங்கோ ஒரு வயல் பச்சையாயிற்று. தோட்டா எதையும் விளைவிப்பதில்லை. வட்டி தருவதில்லை, குத்தகை தருவதில்லை, கன்று ஈனுவதில்லை. இன்னொருவன் தன்னிலும் கூடுதலாக அஞ்சும்வரை இருளில் கிடக்கின்றது.

ஆகவே, தொழில் புரிவோரும் கமக்காரருமாகிய நம் வாசகருக்கு இதிலிருந்து நாம் எடுத்துரைப்பது இதுவே. 2022 நமக்குக் கற்பித்த அச்சம் பொய்யன்று. காசை மட்டும் நம்பியிருத்தல் தகாது என்பதும் உண்மை. ஆனால் அச்சம் நல்ல காவலாளி, கெட்ட கணக்கப்பிள்ளை. ஒரு பொருளில் பணத்தை இடுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது தானாக எதையாவது விளைவிக்குமா? எனக்குப் பணம் வேண்டிய நாளில், நியாயமான விலைக்கு வாங்குவோர் உளரா? விற்ற பின் சட்டத்தின் முன்னும் மனச்சான்றின் முன்னும் தலைநிமிர்ந்து நிற்க இயலுமா? கிணறு தோண்டிய காணியும், கறவைப் பசுவும், கூட்டுறவுச் சங்கத்தின் பங்கும், பிள்ளை கற்ற தொழிலும் இவற்றுக்கு விடை கூறும். கழுத்துச் சங்கிலியும் ஓரளவு கூறும். அமெரிக்கனின் நிலவறையில் அடுக்கிய பெட்டிகள் இம்மூன்றில் ஒன்றுக்கும் விடை கூறா.

அயலவனின் நிம்மதியோடு சேர்ந்து வளரும் செல்வத்தையே நாடுங்கள். அதுவே நிலைக்கும், அதுவே பிள்ளைகளுக்கும் சேரும்.